வேற வச்சாச்சு

வள்ளியப்பா,

நீயும் மரிசெலும் விமானம் ஏறி ஒன்பது நாள் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்த அன்றே ஒரு படம் அனுப்பியிருந்தாய். அவள் அம்மா வீட்டு அடுப்படியில் ஒரு சின்ன மேசை. நீ அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். அந்த அம்மாள் உன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வந்து இறங்கியதும் நேரே அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துவிட்டானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டில் உனக்கு முதல் நாளே கிடைத்த இடம், இந்த வீட்டில் உன் பெண்டாட்டிக்கு இரண்டரை வருடமாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே "சரி, விடுங்க ஆத்தா" என்று முடித்துவிடுவாய். காகிதத்தை உன்னால் இடைமறிக்க முடியாது. நாலு பேர் இதைப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. நம் காரைக்குடியிலேயே வேறு நாட்டிலிருந்து மருமகளோ மருமகனோ வந்த வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுக்கும் உதவினால் உதவட்டும்.

சிங்கப்பூரிலிருந்து நீ முதன்முதலில் அவளைப் பற்றிச் சொன்ன அன்று நான் என்ன கேட்டேன், நினைவிருக்கிறதா? "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினொரு நாள் உன் அழைப்பை எடுக்கவில்லை. உன் அப்பச்சி, என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. கலந்து பேச ஆளில்லை என்று நான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. யாரிடமாவது பேசினால் அவர்கள் சம்மதித்துவிடுவார்களோ என்று பயந்தேன். பன்னிரண்டாவது நாள் நானே கூப்பிட்டுச் சரி என்றேன். ஊரில் எல்லோரும் ஆச்சிக்குப் பெரிய மனசு என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மனசு பெரிதானதா என்று நான் திறந்து பார்க்கவில்லை, பேரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அங்கேயே பதிவுத் திருமணம் முடித்து, இந்தியருடைய மனைவி என்று விசா வாங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாம், இனி ஆத்தாவோடுதான் இருப்பேன் என்றாய். வந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டுக்காரி என்று அவளை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தாய். இவள் என் மனைவி, இவளுக்கு நான் பொறுப்பு என்று நீ ஒரு உறுதிமொழி எழுதினாய். வீட்டுக்கு உரிமையாளர் என்ற முறையில் நானும் ஒன்று எழுத வேண்டியிருந்தது. "மேற்படி நபர் என் வீட்டில் வசிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." நீ டைப் அடித்துக் கொடுத்தாய், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். புது மருமகளுக்கு மாமியார் சொல்லும் முதல் வார்த்தை அதுதானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆட்சேபணை இல்லாமல் இருப்பது ஒன்று. வா என்று சொல்வது இன்னொன்று.

நீங்கள் வந்து இறங்கிய மறுநாள் காலையில் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். பின்கட்டு அறையைக் கூட்டிவிட்டு, ஒரு கரண்டு அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், நாலு பாத்திரம் வைத்தேன். "அவுகளுக்கு நம்ம காரம் ஒத்துக்காது, அவுக இஷ்டத்துக்குச் சமைச்சுச் சாப்பிடட்டும், வேற வச்சிட்டேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். யாருக்கும் அதில் தப்பாகத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதானே. பெற்றவர்கள் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பில் வைப்பது, சண்டையில்லாமல், சந்தோஷமாக. நான் காலத்துக்கு ஏற்றாற்போல் சீக்கிரமே வைத்துவிட்டேன் என்று பாராட்டினார்கள்கூட. உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். காரமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் உப்பு ஜாடிக்குள் அவள் கை போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் சுத்தக்காரி, அமைதியானவள், என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள். இருந்தும் முடியவில்லை. அதை மறைக்க எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்தது, அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

என்னை வேறு வைத்த கதையை உனக்குச் சொன்னதே இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம் என் மாமியாருடைய அடுப்பில்தான் சாப்பாடு. புளி கரைப்பதிலிருந்து குறை சொல்வார்கள். ஒருநாள் நான் வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டு, குழம்பு நன்றாயிருக்கிறது, யார் வீட்டில் வாங்கினாய் என்று கேட்டார்கள். அழுதிருக்கிறேன். ஆனால் எட்டாவது மாதம் நல்ல நாள் பார்த்து என்னை வேறு வைத்தபோது, அரிசி பருப்புக்கு முன்னால் தன் ஜாடியிலிருந்து உப்பை அள்ளி என் ஜாடியில் போட்டார்கள். "இனி உன் உப்பு உன் கையில ஆத்தா" என்றார்கள். அன்றைக்கு என் அடுப்பில் வெந்த முதல் சோற்றைச் சாப்பிட்டது அவர்கள்தான், விருந்தாளி போல இலைக்கு முன்னால் உட்கார்ந்து. எட்டு மாதம் திட்டியவர்கள் அன்று ஒரு குறையும் சொல்லவில்லை. வேறு வைப்பது என்றால் அதுதான். மரிசெலுக்கு நான் உப்புப் போடவில்லை. அவள் கடையில் போய் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்ததை நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் நம் கோயிலில் உங்களைப் புள்ளியாகச் சேர்க்கவில்லை என்று நான் போட்ட சண்டை உனக்குத் தெரியும். நம் முறைப்படி கல்யாணமான ஒரு தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. நம்மவரல்லாத பெண்ணைக் கட்டினால் புள்ளி கிடையாது. பெரியவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான்தான் மரியாதையை விட்டேன். என் மகனும் மருமகளும் இருக்கிறார்களா இல்லையா, கண்ணைத் திறந்து பாருங்கள் என்று கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, கோபத்தோடு, எனக்கு மட்டும் ஒரு ஆழாக்கு அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார்.

கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்ததும் அவளுக்கு நிரந்தரமாக இங்கே இருப்பதற்கான அட்டைக்கு விண்ணப்பித்தாய். விசாரணைக்கு ஆள் வருவார்கள் என்று சொல்லியிருந்தாய். என்றைக்கு என்று உனக்கே தெரியாது. நீ வேலையாகச் சென்னைக்குப் போன அன்று பார்த்து வந்தார். மரிசெல் பக்கத்து வீட்டு டீச்சரோடு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். வந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது, நல்ல மாதிரி. மோர் கொடுத்தேன். மருமகள் உங்களோடுதான் இருக்கிறாரா என்று கேட்டார். "இல்லைங்க, அவுகள வேற வச்சாச்சு" என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். வந்த மறுநாளிலிருந்து என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. அவர் அதை எழுதிக்கொண்டார். நம் பேச்சில் அவுக என்றால் இரண்டு பேரும் ஆகலாம், மரியாதையாகச் சொன்ன ஒருத்தியும் ஆகலாம். நான் உங்கள் இரண்டு பேரையும் சொன்னேன். அவர் அவளை மட்டும் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் மகனும் இல்லை, மருமகளும் இல்லை, மாமியார் ஒருத்தி மோரைக் கொடுத்து மருமகளை வேறு வைத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தம்பதியர் சேர்ந்து வாழ்வதாகத் தெரியவில்லை, வந்த மறுநாளிலிருந்து மனைவி வேறாக வைக்கப்பட்டிருக்கிறார், பதினைந்து நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். அவளுடைய விசா முடிய அப்போது நாற்பது நாள்தான் இருந்தது. விளக்கத்தை ஏற்காவிட்டால் அட்டையும் கிடைக்காது, விசாவை நீட்டுவதும் கஷ்டம், அவள் கிளம்ப வேண்டியதுதான் என்று நீ என்னிடம் சொன்னாய். பிறகு கடிதத்தை அவளுக்கு இங்கிலீஷில் சொன்னாய். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, தமிழிலேயே கேட்டாள்.

"அயித்தை, வேறன்னா... நான் வேற ஆளா?"

உனக்கு அவசரம். அது ஒரு வழக்கம், அந்த ஆள் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நீ முந்திக்கொண்டாய். அவள் உன்னைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் பால் பொங்கும் என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை.

அடுத்த இரண்டு நாள் நாம் எல்லோரும் எப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார். பின்கட்டு அடுப்பைத் தூக்கி மச்சில் போட்டுவிட்டு, மறுபடி அவர் வரும்போது எல்லோரும் என் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கலாம் என்று நீ சொன்னாய். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள்தான் மாட்டேன் என்றாள். பொய்யாக ஒருநாள் உள்ளே வந்து உட்கார மாட்டேன் என்றாள். அதில்தான் உங்கள் சண்டை வளர்ந்தது. அப்போது நீ ஒன்று சொன்னாய். எனக்குப் புரியாது என்று நினைத்து அவளிடம் இங்கிலீஷில் சொன்னாய். நீ இங்கே நிற்பதே என் கையெழுத்தில்தான் என்றாய். வள்ளியப்பா, எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும்.

நான் உனக்குச் சொல்லும் புத்தி ஒன்றே ஒன்றுதான், அதுவும் இதில்தான். இன்னொரு தடவை அந்த வார்த்தையை எடுக்காதே. கோபத்திலும் எடுக்காதே, விளையாட்டுக்கும் எடுக்காதே. ஒரு பெண் தன் நாட்டை விட்டு உன் பேரில் நம்பிக்கை வைத்து வந்திருக்கிறாள். காகிதத்தில் நீ அவளுக்குப் பொறுப்பு என்று எழுதியிருப்பது, அவளைத் தாங்குவதற்காக. அவள் தலைமேல் தொங்கவிடுவதற்காக இல்லை. உன் அப்பச்சி நல்ல மனிதர்தான். ஆனால் ஒருமுறை, எதற்கோ வந்த வாய்ச்சண்டையில், "இது எங்கப்பச்சி கட்டுன வீடு" என்றார். அவர் மறுநாளே மறந்துவிட்டார். நான் அவர் போன பிறகும் மறக்கவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுப் பத்திரம் என் பேரில் இருக்கிறது. இருந்தும் சில நாள் கதவைப் பூட்டும்போது, இது யாருடைய வீடோ என்று தோன்றும். தீயினால் சுட்ட புண் ஆறும் என்று உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நீ அன்று மார்க்குக்காகப் படித்திருப்பாய்.

விளக்கத்தை நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் வேறு வைத்தல் என்றால் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரிப்பதல்ல, சேர்த்துத் தனி அடுப்பில் வைப்பது. முதலில் கொஞ்ச நாள் பெற்றோர் தங்கள் அடுப்பிலேயே வைத்திருந்து, மருமகளுக்கு வீட்டுப் பழக்கம் வந்த பிறகு நல்ல நாள் பார்த்து வைப்பார்கள். நான் சொன்னது இந்தப் பொருளில்தான். எட்டு வரி. என் கையெழுத்தில் எழுதி நீ கொண்டுபோய்க் கொடுத்தாய். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அதே அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை நாம் மூன்று பேரும் இருந்தோம். பின்கட்டு அறையைப் பார்த்தார், உங்கள் படங்களைப் பார்த்தார், டீச்சரிடம் போய் விசாரித்தார். "தெனம் சண்டை போடுறாக சார். சேந்து இருக்காமயா சண்டை போட முடியும்?" என்று டீச்சர் கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்து, என் எட்டு வரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இது நன்றாகப் புரிந்தது, ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்றார்.

"மொதல்ல கொஞ்ச நாள் உங்க அடுப்புலயே வச்சிருப்போம்னு எழுதியிருக்கீங்க ஆச்சி. இவங்க எத்தன நாள் இருந்தாங்க?"

அவர் சும்மா, விவரத்துக்குத்தான் கேட்டார். ஆறு மாதம் என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். நீயும் வாயைத் திறந்தாய். அவள் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கையில் அவருக்குக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்போடு. நான் எழுதிய வழக்கம் எல்லாம் சரி. அதில் என் பங்குதான் இல்லை. சேர்த்து வைக்காமலே வேறு வைத்தவள் நான். சேர்ந்திருந்தால்தானே வள்ளியப்பா, வேறு வைக்க முடியும்? அந்த மனிதர் முதலில் எழுதிக்கொண்டு போனது உங்களைப் பற்றித்தான் பொய், என்னைப் பற்றி உண்மை.

"ஒருநாள்கூட இல்லைங்க" என்றேன். "அவுக மேல தப்பில்ல. நான் வைக்கல."

எல்லாம் போயிற்று, என் வாயாலேயே இரண்டாவது தடவையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடினார். ரெண்டு பேரும் ஒன்றாக வாழ்கிறார்களா என்று பார்க்கத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள், அது தெரிந்துவிட்டது என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டே, "மத்தது நான் எழுதுற எடத்துல வராதுங்க ஆச்சி" என்றார். மரிசெலுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. செம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

முதலில் விசாவை நீட்டிக் கொடுத்தார்கள், இரண்டு மாதம் கழித்து அட்டையும் வந்தது. இனி யாரையும் கேட்காமல் போகலாம், வரலாம் என்று நீ அவளைத் தூக்கிச் சுற்றினாய். இரண்டரை வருடமாக, போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து அவள் தன் அம்மாவைப் பார்க்கப் போகவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கிளம்பும் அன்று என் காலில் விழுந்தாள். நல்லா இரு என்றேன். சொல்ல வேண்டியது வேறு. அது அப்போது வாயில் வரவில்லை.

நீங்கள் திரும்பி வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையும் விட்டுவிடாதே, உப்பு ஜாடியையும் சேர்த்துச் சொல். அவள் கேட்டாளே ஒரு கேள்வி, அதற்குப் பதில் இது: ஆமாம், வேறு ஆளாகத்தான் வைத்திருந்தேன், அது என் தப்பு. பிறகு அவளிடம் கேள். ஒரு வருடம் என் அடுப்பில் என்னோடு இருக்கச் சம்மதமா என்று. நான் குறை சொல்வேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. ஒரு வருடம் கழித்து நல்ல நாள் பார்த்து, முறையாக, என் ஜாடி உப்பை அள்ளிப் போட்டு நானே வேறு வைக்கிறேன். கோயிலில் புள்ளி எழுதுகிறார்களோ இல்லையோ, அது அவர்கள் பாடு.

அவள் மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. இரண்டரை வருடம் ஒருத்தி தன் கையால் ஓட்டிய அடுப்பு அது, அவளுக்கு அதன்மேல் பிரியம் இருக்கும். அப்படியானால் இன்னொன்று கேள். ஞாயிற்றுக்கிழமைகளில் புளியைக் கரைத்து மீன் போட்டு ஒரு சாறு வைப்பாளே, அந்த வாசனை இரண்டாம் கட்டு வரைக்கும் வரும். புளி வாசனை எனக்குத் தெரியாதா? எத்தனையோ தடவை எச்சில் ஊறியிருக்கிறது, எழுந்து போனதில்லை. அதில் எனக்கும் ஒரு கரண்டி விடுவாளா, உலை வைக்கும்போது எனக்கும் சேர்த்து ஒரு கை அரிசி போடுவாளா என்று கேட்டுச் சொல். இத்தனை நாளும் அவள் விண்ணப்பம் போட்டாள், நான் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். இந்த விண்ணப்பம் என்னுடையது. அவசரமில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் விசாரிக்கட்டும்.

உன் ஆத்தா